இரு சகலைகளும் ஒரு சூடான சுவரும்

அந்தத் தெருவில் ஒரு சலவைக்கூடமும் ஒரு பேக்கரியும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. நடுவில் ஒரே சுவர்.

சலவைக்கூடத்தின் முதலாளியை எல்லோரும் நீராவி என்றுதான் கூப்பிட்டார்கள். கூடத்தில் பெரிய கொதிகலன் வைத்திருப்பதால் வந்த பெயர் என்று அவர் நம்பியிருந்தார். கோபம் வந்தால் அவர் மூக்கிலிருந்து கிளம்பும் சத்தத்தால் வந்த பெயர் என்பது மற்ற எல்லோருக்கும் தெரியும். பேக்கரி முதலாளியின் பட்டப்பெயர் பன்னு. அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, அவருடைய கன்னத்தைப் பார்த்தாலே போதும்.

இருவரும் கட்டியிருந்தது அக்கா தங்கையை. நீராவி அக்காவின் கணவர், பன்னு தங்கையின் கணவர். ஆக, சகலைகள். சுவரை மட்டும்தான் பகிர்ந்துகொண்டார்களே தவிர, ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசுவது கிடையாது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒருநாள் பெரியவர் ஏதோ ஞாபகத்தில், "சின்ன மாப்பிள்ளை தங்கம்பா" என்று சொல்லிவிட்டார்.

"அப்போ நான் என்ன, பித்தளையா?" என்று நீராவி கேட்டார்.

உடனே இல்லை என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மாமனார் யோசிக்க ஆரம்பித்தார். அந்த யோசனையை நீராவியால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. பன்னுவோ, யோசித்தது மாமனார், நான் என்ன செய்வேன் என்று சொல்லாமல், அந்த நேரம் பார்த்துச் சிரித்துவைத்தார். அன்றிலிருந்து கீரியும் பாம்பும்தான்.

அக்காவும் தங்கையும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பின்கட்டில் இரண்டு கடைக்கும் பொதுவாக ஒரு முற்றம் இருந்தது. சாயங்காலம் இருவரும் அங்கே இரண்டு முக்காலிகளைப் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார்கள். உண்மையில் இரண்டு தொழிலும் ஓடியது அந்த முக்காலிகளின் மேல்தான். இயந்திரம் பழுது, மாவு தீர்ந்தது, வேலைக்கு ஆள் வரவில்லை என்று எது வந்தாலும் அங்கே முடிவாகும். கணவர்கள் அந்த முடிவை மறுநாள் தங்கள் சொந்த யோசனையாக அறிவிப்பார்கள்.

இரண்டு கடைக்கும் பெரிய வாடிக்கை ஒரே ஓட்டல். நீராவி அங்கே படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் வெளுத்துக் கொடுத்தார். பன்னு ரொட்டியும் பன்னும் பிஸ்கெட்டும் கொடுத்தார். ஒருநாள் அந்த ஓட்டலின் மேலாளர், பொருள் கொடுக்கும் எல்லோரையும் தன் கூட்ட அறைக்கு வரச் சொன்னார். சகலைகள் இருவரும் போய் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டை மாதிரி விறைப்பான மனிதர். அவர் சொன்னார்: "எங்க ஓட்டல் வெளியேத்துற கார்பனைக் குறைக்கணும்னு முடிவு பண்ணிட்டோம். எங்க கார்பன்ல பாதி நீங்க கொண்டுவர்றது. அதனால நீங்களும் குறைக்கணும். குறைக்காதவங்களோட அடுத்த வருஷம் வியாபாரம் கிடையாது. ரொம்ப நல்லாக் குறைக்கிறவங்களுக்குப் பச்சைக் கேடயம் ஒண்ணு குடுக்கப்போறோம்."

கேடயம் என்றதும் நீராவியும் பன்னுவும் விளக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

பக்கத்தில் ஒரு பெண் பொறியாளர் நின்றிருந்தார். ஓட்டல் அமர்த்தியவர். கடுமையான ஜலதோஷம். பேசுவதற்கு முன்னும் பின்னும் நடுவிலும் தும்மினார். ஆனால் சொன்னது தெளிவாக இருந்தது. "ரொம்பக் குழப்பிக்காதீங்க. நீங்க எரிக்கிற டீசல், கேஸு. நீங்க செலவழிக்கிற கரண்டு. நீங்க ஓட்டுற வண்டி. இந்த மூணுலதான் உங்க கார்பன் இருக்கு. எரிக்கிறதைக் குறைங்க, வீணாகறதை நிறுத்துங்க, வெறும் வண்டி ஓட்டாதீங்க. யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

நீராவி கையைத் தூக்கினார். "மூச்சு விட்டாலும் கார்பன் வருமாமே?"

"வரும் சார்."

"எங்கிட்ட நிறைய வேலைக்காரங்க இருக்காங்க. எல்லாரையும் கொஞ்சம் மெதுவா விடச் சொல்லலாமா?"

பொறியாளர் தும்மினார். "மூச்சு தாராளமா விட்டுக்கங்க சார். அது கணக்குல இல்ல."

எதிர் மூலையில் பன்னு சிரித்தார். அதே பழைய சிரிப்பு. அந்தக் கணத்தில் நீராவி தீர்மானித்துவிட்டார், கேடயம் தனக்குத்தான் என்று.

மறுநாள் காலை சலவைக்கூடத்தில் விளக்குகள் எல்லாம் அணைந்தன. "ஜன்னல் வெளிச்சம் போதும்" என்றார் நீராவி. ஜன்னல்களுக்கு முன்னாலும் பேக்கரிச் சுவரை ஒட்டியும் ஆள் உயரத்துக்கு அழுக்குத் துணி மூட்டைகள் அடுக்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. மடிக்கிற பெண்கள் தடவித் தடவி மடித்தார்கள். அன்றைக்கு ஓட்டலுக்குப் போன தலையணை உறை ஒன்றுக்குள் மேஸ்திரியின் சட்டையும், சட்டைப் பையில் அவருடைய மூக்குக் கண்ணாடியும் போயின. கண்ணாடி இல்லாத மேஸ்திரி அடுத்த மூட்டையில் இஸ்திரி மேசையின் விரிப்பையே மடித்து வைத்தார். சாயங்காலம் அக்கா வந்து விளக்கைப் போட்டாள்.

"என்னங்க இது? இருட்டுல குருடன் துணி துவைச்ச கதையா இருக்கு."

"சேமிக்கிறேன்."

"அழுக்கு மூட்டையை நகர்த்தி வெச்சாலே வெளிச்சம் வருமே. அதைச் செஞ்சீங்களா?"

நீராவி மூக்கால் ஒரு சத்தம் செய்தார். மூட்டைகள் நகர்ந்தன. அது மட்டும் நல்ல யோசனையாக மிஞ்சியது.

அடுத்தது மாடி. உலர்த்தும் இயந்திரங்கள் கேஸைக் குடிக்கின்றன, வெயிலோ இலவசம் என்று நீராவி மொட்டை மாடி முழுக்கக் கயிறு கட்டினார். கட்டியதெல்லாம் சரிதான். அவரிடம் கிளிப்புகள் போதவில்லை. "ஈரத் துணி கனம், எங்கே போகப்போகுது" என்றார். ஈரத் துணி காய்ந்தால் கனம் இருக்காது என்பதை முப்பது வருஷமாகத் துணி வெளுக்கிறவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் அன்று மறந்துவிட்டார். மத்தியானக் காற்றில் இரட்டைக் கட்டில் விரிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து, பக்கத்துத் தெரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மைதானத்தை நோக்கிப் பயணம் போயின.

அங்கே ஒரு அம்மாள் முதல் முறையாக வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி முழுக்க வெள்ளை விழுந்தது. "ஐயோ, செத்துட்டேன் போலிருக்கு!" என்று அலறிய அவர், பிரேக் என்று நினைத்து வேறு எதையோ மிதித்தார். வண்டி டயர் அடுக்கை இடித்து நின்றது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயிற்சியாளர் விரிப்பைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்கு வந்தார். நீராவி வாசலிலேயே, "காய்ஞ்சிடுச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பயிற்சியாளர் அவ்வளவு சுலபத்தில் மன்னிக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் நிலைமை இதைவிடத் தேவலை என்று சொல்ல முடியாது. பன்னு, அடுப்பை இரண்டு தடவை மூட்டுவதை ஒரு தடவையாக்க முடிவு செய்து, ரொட்டி, பன், பிஸ்கெட் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஒரே அடுப்பில் தள்ளினார். உள்ளே அவை உப்பின, நெருங்கின, ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. வெளியே வந்தது ஒரே பொருள். அதற்குப் பெயர் இல்லை. தங்கை அதை ரம்பம் மாதிரி இருந்த ரொட்டிக் கத்தியால் அறுத்து, "கலவை" என்று எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாள். பிறகு வண்டிக்குப் பதிலாகத் தள்ளுவண்டியில் ஓட்டலுக்கு ரொட்டி போனது. நடுவில் ஒரு இறக்கம் இருந்தது. தள்ளியவர் வண்டியைத் தள்ளினாரா, வண்டி அவரை இழுத்ததா என்பது தெரியவில்லை. தெருநாய்கள் அந்த நாளை வெகுகாலம் ஞாபகம் வைத்திருக்கும்.

முற்றத்தில் அக்காவும் தங்கையும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் பன்னுவின் தோல்வி எதுவும் நீராவியின் காதுக்கு வரவில்லை. அவருக்குக் கிடைத்த தகவல் எல்லாம், அந்தப் பக்கம் ஏதோ பெரிய திட்டம் நடக்கிறது என்பதுதான். சுவருக்குப் பின்னால் பன்னு அடுப்பறையில் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். வார்த்தைகள் தெளிவாகக் கேட்கவில்லை. உளவு பார்ப்பது தப்பு என்று நீராவிக்குத் தெரியும். ஆனால் சுவர் தன்னுடையதும்தானே? தன் சுவரில் தன் காதை வைப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

துணி மூட்டைகளை நகர்த்தியிருந்ததால் சுவரின் அந்த இடம் இப்போது காலியாக இருந்தது. நீராவி நடந்து போனார். இரண்டு பக்கமும் பார்த்தார். காதை நன்றாக அழுத்தி வைத்தார்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். சுவருக்குக் காதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை.

"ஆ!"

கொதிகலனின் ஊளையையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். நீராவி காதைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். காது தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டது. அக்கா ஈரத் துண்டை எடுத்து ஒற்றினாள்.

"சுவர்ல காதை வெச்சு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சுத்தமா இருக்கான்னு பார்த்தேன்."

"காதால?"

அக்கா சுவரின் பக்கம் திரும்பி, உள்ளங்கையை மெதுவாக அருகே கொண்டுபோனாள். தொடவேண்டியதே இல்லை, தூரத்திலேயே கையில் அனல் அடித்தது. மூட்டைகள் மறைத்திருந்ததால் இத்தனை வருஷமும் யாரும் அதைக் கவனித்ததில்லை. அவள் நேராக முற்றத்துக்குப் போய்த் தங்கையைக் கூப்பிட்டாள்.

"உங்க அடுப்போட புகைக்குழாய் இந்தச் சுவரை ஒட்டியா போகுது?"

"ஆமாக்கா. அடுப்புச் சூட்டுல பாதி அதுல ஏறித்தான் வெளியே போகுது. அந்தச் சுவர்கிட்ட எங்க ஆளுங்க நிக்கவே மாட்டாங்க."

"நாங்க இந்தப் பக்கம் பச்சைத் தண்ணியைச் சூடாக்க டீசல் எரிச்சிட்டிருக்கோம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டீ ஆறிப்போனது. அக்கா பொறியாளருக்குப் போன் செய்தாள்.

பொறியாளர் மறுநாளே வந்தார், ஜலதோஷத்தோடு. ஒரு சின்னக் கருவியை எடுத்துச் சுவரின் மேல் ஓட்டினார். திரையில் சுவர் சிவப்பாகத் தெரிந்தது. அடுத்து நீராவியின் காது பக்கம் கருவி திரும்பியது, அதுவும் சிவப்பாகத் தெரிந்தது.

"இதுவா?" என்றார்.

"அது என் காது."

பிறகு அவர் சலவைக்கூடம் முழுக்கச் சுற்றினார். ஒரு மூலையில் நீராவிக் குழாய் இணைப்பிலிருந்து 'உஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. "இது எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டார்.

நீராவி பெருமையோடு சொன்னார்: "அது எப்பவுமே இருக்கும். நம்ம தொழிலோட சங்கீதம்மா அது."

"சங்கீதம் இல்ல சார், டீசல். உங்க டீசல் பாட்டுப் பாடிக்கிட்டே வெளியே போகுது. முதல்ல இதை அடைங்க."

அடைத்தார்கள். இயந்திரங்களில் அரைச் சுமை போட்டு ஓட்டுவதை நிறுத்தச் சொன்னார். லேசாக அழுக்கான விரிப்புகளை இவ்வளவு கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டியதில்லை என்றார். இதெல்லாம் நீராவிக்கு ஏற்றுக்கொள்ள முடிந்தது. ஆனால் கடைசியில் அவர் சொன்னதைக் கேட்டு, சூடுபட்ட காது இன்னும் சிவந்தது.

"பேக்கரியோட புகைக்குழாய்க்குள்ள ஒரு சுருள் குழாய் வெச்சு, அதுல உங்க தண்ணியை ஓட்டணும். வெளியே போற சூட்டுல தண்ணி சூடாயிடும். கொதிகலன் பாதி வேலை செஞ்சா போதும். ஆனா ஒண்ணு, ரெண்டு முதலாளிங்களும் சேர்ந்து பேசி ஒத்துக்கணும்."

"பேசணுமா?" என்றார் நீராவி. டீசலை மட்டும் குறைக்கச் சொன்னால் கேட்டிருப்பார், கௌரவத்தையும் குறைக்கச் சொன்னது மாதிரி இருந்தது.

முற்றத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. நாலு முக்காலிகள். சகலைகள் இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

நீராவி ஆரம்பித்தார். "அவர்கிட்ட சொல்லு, அவரோட சூடு எனக்கு ஒண்ணும் பிச்சையா வேண்டாம்னு."

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை கணவரைப் பார்த்தாள். பன்னு ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார்: "மாமாகிட்ட... அவர்கிட்ட சொல்லு, என் சூடு சும்மா வானத்துக்குத்தான் போகுது. காக்காய்க்குக் குடுக்குறதை அவருக்குக் குடுக்குறேன்."

"காக்காயா? என்னைக் காக்காய்னு சொல்றானா?"

"இல்ல மாமா, உங்களைச் சொல்லலை," என்றாள் தங்கை.

"அப்போ யாரைச் சொல்றான்?"

"காக்காயைத்தான் சொல்றார்."

இப்படியே பொழுது போனது. கடைசியில் அக்கா டீக் கோப்பையை நங்கென்று கீழே வைத்தாள். "இதோ பாருங்க. ரெண்டு பேரும் பேசவேண்டாம். தண்ணி அந்தப் பக்கம் போகட்டும், சூடாகி இந்தப் பக்கம் வரட்டும். அது ஒண்ணும் யாரோட அப்பா என்ன சொன்னாருன்னு கேட்கப் போறதில்ல. ஒத்துக்கலைன்னா ரெண்டு பேருக்கும் ஓட்டல் போயிடும். கேடயமும் வேற எவனுக்கோ போயிடும்."

வேறு எவனுக்கோ என்ற வார்த்தை வேலை செய்தது. தனக்கில்லாவிட்டாலும் பரவாயில்லை, மூன்றாம் மனிதனுக்குப் போகக்கூடாது என்பதில் இருவருக்கும் முழு ஒற்றுமை. இருவரும் திரும்பாமலே தலையை ஆட்டினார்கள்.

சுவரை உடைத்தார்கள். சுருள் குழாய் உள்ளே போனது. முதல் நாள் சுடுதண்ணீர் வந்தபோது நீராவி அதில் விரலை வைத்துப் பார்த்து, பிறகு யாரும் பார்க்காதபோது இன்னொரு முறையும் வைத்துப் பார்த்தார். பேக்கரி அடுப்பறையின் வெப்பக் காற்றையும் வீணாக்க வேண்டாம் என்று அவராகவே ஒரு யோசனை செய்தார். சுவரில் இன்னொரு ஓட்டை போட்டு, பெரிய மின்விசிறி ஒன்றை மாட்டி, அந்தக் காற்றை நேராகத் துணி உலர்த்தும் அறைக்கு இழுத்தார். பொறியாளர் வந்து பார்த்தார். வெப்பம் அளந்தார். உலர்ந்த விரிப்பை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். "ஹச்! நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி விவகாரத்தையும் அக்காவும் தங்கையும் தீர்த்துவைத்தார்கள். காலையில் ரொட்டி வண்டி பாதி காலியாகவும், விரிப்பு வண்டி பாதி காலியாகவும், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஓட்டலுக்குப் போய்க்கொண்டிருந்தன. இனி ஒரே வண்டி. மூடி போட்ட பெட்டிகளில் ரொட்டி ஒரு பக்கம், நடுவில் தடுப்பு, மறுபக்கம் வெளுத்த விரிப்பு. அழுக்குத் துணியை எடுத்துவர வேறு வேளையில் தனியாக ஒரே ஒரு நடை. ஓட்டுவது யார் என்பதில் சகலைகள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே இருவரும் ஏறினார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவிடம், "பிரேக்கை இப்படியா மிதிப்பாங்க?" என்று கேட்டார். திரும்பி வரும்போது இடம் மாறினார்கள், கேள்வியும் மாறியது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஓட்டல் மேலாளரிடமிருந்து போன் வந்தது.

"என்ன போட்டுத் துவைக்கிறீங்க?" என்றார் மேலாளர்.

பாராட்டப்போகிறார் என்று நினைத்து நீராவி முகம் மலர்ந்தார். "அது நம்ம தொழில் ரகசியம் சார்."

"ரகசியமா? இங்கே வந்து பாருங்க!"

சகலைகள் வண்டியில் போய் இறங்கினார்கள். காலை உணவுக்கூடத்தின் வாசலில் பெரிய வரிசை. இன்னும் கதவே திறக்கவில்லை. ராத்திரி உடையிலேயே வந்து நின்றிருந்தவர்கள் பலர். முன்னால் நின்ற ஒரு கனத்த மனிதர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். மேலாளரின் விறைப்பெல்லாம் கசங்கியிருந்தது.

"ஒரு வாரமா இதே கூத்து. யாரும் விடியறவரைக்கும் தூங்க மாட்டேங்குறாங்க. பசிக்குதுங்கறாங்க. ராத்திரி கனவுல ரொட்டி வருதாம். மேல் மாடி விருந்தாளி ஒருத்தர் தூக்கத்துல தலையணையைக் கடிச்சு ஓரத்தைப் பிச்சுட்டார்!" அவர் மடித்து வைத்திருந்த ஒரு விரிப்பை விரித்து நீட்டினார். "மோந்து பாருங்க!"

நீராவி முகர்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷமாகப் பேக்கரிக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்கு அது. பன்னுவும் முகர்ந்தார். அந்த மூக்கு அடுப்புக்கு உள்ளேயே வளர்ந்தது, அதற்கும் ஒன்றும் தெரியவில்லை. வரிசையில் நின்ற கனத்த மனிதர் நெருங்கி வந்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"வெண்ணெய் பன்," என்றார் உருகிப்போய். "சூடா. இப்பதான் அடுப்புலேருந்து எடுத்தது."

அப்போதுதான் புரிந்தது. அடுப்பறைக் காற்று நேராக விரிப்புகளுக்குள் போய்க் குடியேறிவிட்டது. பொறியாளரின் மூக்கோ அடைத்துக்கொண்டிருந்தது.

பன்னுவால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கன்னங்கள் குலுங்கச் சிரித்தார். நீராவி அவரை முறைத்தார். மூக்கில் சத்தம் கிளம்பியது. ஆனால் கிளம்பிய சத்தம் பாதி வழியில் வேறு மாதிரி ஆகி, அவரும் சிரித்துவிட்டார். தலையணையைக் கடித்த விருந்தாளியை நினைக்க நினைக்க அவருக்கு அடங்கவில்லை. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சகல," என்றார் நீராவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் பன்னை ஜனங்க விரிச்சுப் படுத்திருக்காங்கடா!"

"மூடியும் படுத்திருக்காங்க," என்றார் பன்னு.

அதுதான் பல வருஷங்களுக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு.

மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. விருந்தாளிகள் சாப்பிட்ட வேகத்தில் ரொட்டி ஆர்டர் ஏறிக்கொண்டே போனது. பன்னுவுக்கு முதலில் அது கொண்டாட்டமாக இருந்தது. பொறியாளர் வந்து அளந்தபோதுதான் விஷயம் விளங்கியது. பேக்கரி முன்னைவிட அதிகமாக அடுப்பெரித்துக்கொண்டிருந்தது. சலவைக்கூடத்தில் குறைந்த கார்பன் எல்லாம் பேக்கரியில் கூடியிருந்தது.

"வாசனையால கார்பன் ஏறினதை இப்பதான் பார்க்குறேன்," என்றார் பொறியாளர். ஜலதோஷம் விட்டிருந்தது. அவர் உலர்த்தும் அறைக்குள் போய் ஆழமாக மூச்சை இழுத்தார். வெளியே வந்தவர் முதல் வேலையாகப் பேக்கரிக்குப் போய் இரண்டு பன் வாங்கித் தின்றார். அதற்குப் பிறகுதான் பேசினார். "சூடுதான் நமக்கு வேணும், காத்து வேண்டாம். நடுவுல மெல்லிசான உலோகத் தகடுங்க வைப்போம். ஒரு பக்கம் அடுப்பறைக் காத்து போகட்டும், இன்னொரு பக்கம் வெளிக்காத்து போகட்டும். சூடு மட்டும் தகடு வழியாத் தாண்டிரும். வாசனை அங்கேயே நின்னுடும்."

தகடுகள் வந்தன. அன்று முதல் விரிப்பில் விரிப்பின் வாசனைதான் வந்தது, அதாவது ஒன்றும் வரவில்லை. ஓட்டலில் எல்லோரும் நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எழுந்தார்கள். ரொட்டி ஆர்டர் பழைய இடத்துக்கு இறங்கியது. பன்னு ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு ஆறுதல் சொன்னவர் நீராவிதான் என்பது தங்கையால் நம்ப முடியாத விஷயமாக இருந்தது.

கடைசியாகப் பொறியாளர் எல்லாவற்றையும் அளந்து சொன்னார். சலவைக்கூடத்தின் கொதிகலன் முன்பு குடித்ததில் பாதிகூட இப்போது குடிப்பதில்லை. உலர்த்தும் இயந்திரங்கள் பாதி நேரம் சும்மா நின்றன. காலை நடைக்கு ஒரு வண்டியின் ஓட்டமே மிச்சம். பேக்கரியில் அடுப்பின் கதவு இடுக்குகளையும் அடைத்து, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை போட்டுச் சுட ஆரம்பித்ததில், ஒரு முறை மூட்டிய அடுப்பிலேயே எல்லாம் வெந்துவிட்டது. இந்த முறை ரொட்டி ரொட்டியாகவும் பன் பன்னாகவும் தனித்தனியே வெளியே வந்தன.

ஓட்டலில் விழா வைத்தார்கள். பச்சைக் கேடயத்தை இருவருக்கும் சேர்த்துத்தான் கொடுக்க முடியும் என்றார் மேலாளர். ஒருவருடைய சூடு, இன்னொருவருடைய தண்ணீர், எப்படிப் பிரிப்பது? சகலைகள் மேடையேறிக் கேடயத்தின் இரண்டு ஓரத்தையும் ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். போட்டோ எடுத்தாயிற்று. கை தட்டியாயிற்று. இருவரும் விடவில்லை. அப்படியே பக்கவாட்டில் நடந்து படியிறங்கி, பக்கவாட்டிலேயே வண்டிவரை வந்து, கேடயத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். யார் ஓட்டுவது என்ற பிரச்சினை வந்தபோது அக்கா கேடயத்தைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பமானது. சகலைகள் இப்போது ஓயாமல் பேசினார்கள். காலையில் வண்டியில் பேசுவார்கள், திரும்பி வந்து சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் பேசுவார்கள், மத்தியானம் போனில் பேசுவார்கள். ஓட்டலுக்குக் காய்கறி கொடுப்பவர், மீன் கொடுப்பவர், பூ அலங்காரம் செய்பவர் என்று ஒவ்வொருவர் கடைக்கும் சேர்ந்து போய், அழைக்காமலே கார்பனைக் குறைக்க வழி சொன்னார்கள். மீன்காரர் இவர்கள் வண்டியைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று கேள்வி. சாத்தினாலும், "நல்லது, குளிர் வெளியே போகாது" என்று வெளியிலிருந்து பாராட்டிவிட்டுத்தான் நகர்வார்களாம். சாயங்காலமானால் முற்றத்துக்கு வந்து நாலு முக்காலியையும் பிடித்து, இரண்டில் உட்கார்ந்து இரண்டில் காலை நீட்டிக்கொண்டார்கள். அக்காவும் தங்கையும் மடித்த துணி மூட்டைகள் மேல் உட்கார வேண்டியதாயிற்று.

ஒருநாள் டீயைத் தூக்கிக்கொண்டு பெண்கள் இருவரும் துணி மடிக்கும் அறைக்கே வந்துவிட்டார்கள். அங்கேயும் முற்றத்துச் சத்தம் கேட்டது.

"இப்ப என்னக்கா பேசறாங்க?" என்றாள் தங்கை.

"சூரியத் தகடு. யார் மாடியில வைக்கிறதுன்னு சண்டை."

தங்கையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "சண்டையா? அப்போ ரெண்டு மூணு நாளைக்குப் பேசாம இருப்பாங்களாக்கா?"

அக்கா காது கொடுத்துக் கேட்டாள். முற்றத்தில் நீராவி மூக்கால் ஒரு சத்தம் செய்தார், பன்னு சிரித்தார், பிறகு இருவரும் சேர்ந்து ஏணியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அந்த அதிர்ஷ்டம் நமக்கு ஏதுடி," என்று சொல்லிவிட்டு அக்கா டீயை ஊற்றினாள்.